மூன்றாவது அறையின் விலை: படூரில் விற்று நங்கநல்லூரில் வாங்கிய அனுபவம்

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு மூன்றாவது படுக்கையறை ஒன்று தவிர்க்க முடியாத தேவையாகிவிட்டது. அப்பா காலமான பிறகு சென்னை நங்கநல்லூரில் வாடகை வீட்டில் தனியாக இருந்த அம்மாவை இனியும் அப்படியே விட்டுவைக்க முடியாது. மகன் பத்தாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. இருவரையும் ஒரே அறையில் வைத்திருக்கும் வயது கடந்துவிட்டது. பழைய மாமல்லபுரம் சாலையில் படூர் அருகே என் பெயரில் இருந்த இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டை விற்று, அம்மாவின் மருத்துவரும் கோயிலும் உறவுகளும் இருக்கும் நங்கநல்லூரிலேயே மூன்று படுக்கையறை வீடு ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தோம். கணவர் மஸ்கட்டில் பணியில் இருந்ததால் தரகர், வங்கி, பதிவு அலுவலகம் என்று எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. நான்கைந்து மாதங்களில் முடிந்துவிடும் என்று எல்லோரும் சொன்ன வேலை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. எதிர்பார்த்த விலையில் ஒன்பது லட்சம் குறைந்தது. அதற்கு மேல் ஒரு வருட வீட்டு வாடகையும், பூட்டிக் கிடந்த வீட்டின் பராமரிப்புக் கட்டணமும், நகைக் கடன் வட்டியும் சேர்ந்தன. இடம், சாலை, தண்ணீர், பள்ளி ஆகியவற்றைப் பற்றி ஆலோசனை சொல்ல ஊரே திரண்டு வந்தது. ஆனால் ஒரு பகுதியில் எத்தனை படுக்கையறை கொண்ட வீடுகள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் அங்கே விற்பவரின் கையையும் வாங்குபவரின் கையையும் கட்டுகிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படூர். எங்கள் வளாகத்தில் அறுநூறு வீடுகள் இருந்தன. மூலை வீடுகள் சிலவற்றைத் தவிர மற்ற அனைத்தும் இரண்டு படுக்கையறை வீடுகள்தாம். எங்கள் வளாகம் மட்டுமல்ல, நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை எழுந்த கட்டடங்களில் பெரும்பான்மையின் நிலை இதுவே. இதற்குக் காரணம் உண்டு. 2008இல் ஆறுவழிச் சாலை திறக்கப்பட்டு, சிறுசேரி சிப்காட்டில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்தபோது, இங்கே வீடு வாங்க வந்தவர்கள் முப்பது வயதை ஒட்டிய, புதிதாகத் திருமணமான தம்பதிகள். அவர்களுடைய சம்பளத்துக்கு வங்கி எவ்வளவு கடன் தரும் என்பது கட்டுநர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டின் மொத்த விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் எத்தனை அறைகள் அடங்கும் என்று பின்னால் பார்க்கிறார்கள். நிலமும் தாராளமாகக் கிடைத்ததால் ஒரே வரைபடத்தை நூற்றுக்கணக்கில் அடுக்கினார்கள். நான் 2014இல் 1,050 சதுர அடி வீட்டை 48 லட்சத்துக்கு வாங்கியபோது, பக்கத்து வீடும் என் வீட்டைப் போலவே இருப்பது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை. அப்போது அது குறையும் அல்ல. வாங்குபவர்கள் வரிசையில் நின்ற காலம் அது.

ஒரே மாதிரி வீடுகள் ஒரே மாதிரி குடும்பங்களை ஈர்க்கின்றன. அந்தக் குடும்பங்கள் ஒரே காலத்தில் வளர்கின்றன என்பது பத்து ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. எங்கள் வளாகத்தில் ஒரே ஆண்டில் சாவி வாங்கியவர்களின் பிள்ளைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வகுப்பில் படித்தார்கள். பிள்ளைகளுக்குத் தனி அறை, ஊரிலிருந்து வந்து சேரும் பெற்றோருக்கு ஓர் அறை, 2020க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்க ஓர் மூலை என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இடம் போதாமல் போனது. வளாகத்துக்குள்ளேயே பெரிய வீட்டுக்கு மாறலாம் என்றால் மூன்று படுக்கையறை வீடுகள் மிகக் குறைவு. ஆகவே வெளியேறத்தான் வேண்டும். நான் விற்பனைக்கு அறிவித்த வாரத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் விற்பனைக்கு இருந்தன. மாடி எண்ணையும் திசையையும் தவிர அவற்றுக்கிடையே வேறுபாடு எதுவும் இல்லை. நான் 68 லட்சம் கேட்டேன். பெங்களூருக்கு மாற்றலான ஒருவர் அவசரத்தில் 61 லட்சத்துக்குக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து என்னிடம் பேசிய ஒவ்வொரு தரகரும், "மேடம், அதே பிளாக்ல அறுபத்தொண்ணுக்கு முடிஞ்சிருக்கே" என்றுதான் உரையாடலைத் தொடங்கினார். ஒரே மாதிரி வீடுகள் குவிந்திருக்கும் இடத்தில், அவசரத்தில் இருப்பவர் வைத்ததே எல்லோருக்கும் விலை. சொல்லப்போனால் எனக்கு அந்த மனிதர் மீது பல நாள் கோபம் இருந்தது. நியாயமே இல்லாத கோபம்.

இதற்கு மேல் புதிய வீடுகளின் போட்டி. கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, என் பழைய வீட்டுக்கு அது இல்லையே, அதனால் வாங்குபவர் என்னிடம்தான் வருவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் 2019 ஏப்ரல் முதல், சென்னை போன்ற பெருநகரங்களில் கார்பெட் பரப்பு, அதாவது வீட்டுக்குள் உண்மையில் புழங்கக் கிடைக்கும் தரைப் பரப்பு, 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி ஒரு சதவீதம் மட்டுமே. அறுபது சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 645 சதுர அடி. அந்த எல்லைக்குள் இரண்டு படுக்கையறைகளை எப்படியோ நுழைத்து, 44 லட்சம் என்று விலை போட்டுக் கேளம்பாக்கம், தையூர் பக்கம் பல கட்டடங்கள் வந்துவிட்டன. 44 லட்சத்தில் ஐந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே முக்கால் லட்சம் என்பதால் கட்டுநருக்கும் வாங்குபவருக்கும் அந்த அளவு பிடித்துவிட்டது. என் வீட்டின் கார்பெட் பரப்பு 730 சதுர அடி (1,050 என்பது சுவர்களும் பொது இடங்களின் பங்கும் சேர்ந்த அளவு), அறைகள் பெரியவை, சமையலறையை ஒட்டித் துணி துவைக்கத் தனி இடம் உண்டு. ஆனால் இணையத்தில் வீடு தேடுபவர் முதலில் தட்டுவது படுக்கையறை எண்ணிக்கையை. "இரண்டு" என்று தட்டியவுடன் 44 லட்சமும் 68 லட்சமும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். என் வீட்டின் கூடுதல் இடம் அந்தப் பட்டியலில் எங்கேயும் தெரியாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறைப் பாடம் இது: பெரிய இரண்டு படுக்கையறை வீட்டை விற்பவர் படுக்கையறை எண்ணிக்கையை முன்னால் வைத்து விளம்பரம் செய்யக் கூடாது. கார்பெட் பரப்பையும், ஒவ்வொரு அறையின் நீள அகலத்தையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும். அப்படி மாற்றி எழுதிய பிறகு அழைப்புகள் குறைந்தன, ஆனால் அழைத்தவர்கள் வீட்டை நேரில் பார்க்க வந்தார்கள்.

விலை பற்றிய குழப்பத்தை ஓரளவு தீர்த்தது வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் நம் வளாகத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கத்தைப் பார்த்தால், அந்த மனையில் பதிவான கிரயங்கள் தேதியுடன் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் கைமாற்றுத் தொகை என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் முழுத் தொகையைப் பத்திரத்தில் காட்டுவதில்லை என்பது உண்மைதான் என்றாலும், வங்கிக் கடனில் வாங்கியவர்களின் பத்திரங்கள் பெரும்பாலும் நிலவரத்துக்கு அருகில் இருக்கும். விளம்பரங்களில் எழுதப்பட்டவை ஆசைகள். நடந்தவை இங்கே இருக்கின்றன. வீட்டை விற்கவோ வாங்கவோ நினைப்பவர்கள் தரகரைச் சந்திப்பதற்கு முன்பு இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வருடத்தில் எத்தனை வீடுகள் கைமாறுகின்றன என்பதை அதிலிருந்தே எண்ணி, விற்பனைக்கு நிற்கும் வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், நம் முறை வர எத்தனை காலம் ஆகும் என்றும் தெரியும். எங்கள் வளாகத்தில் அந்தக் கணக்கு ஒரு வருடத்துக்கு மேல் என்று காட்டியது, அப்படியே ஆனது.

இடையில் ஒருவர் 64 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டு டோக்கன் அட்வான்ஸ் கூடக் கொடுத்தார். அவருடைய வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு 60 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். நான்கு லட்சம் செலவழித்துச் செய்த மரவேலைகளுக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஒரே மாதிரி நூறு வீடுகள் இருந்தால் மதிப்பீட்டாளருக்கு வேலை எளிது. கடைசியாகப் பதிவானவற்றின் சராசரியைப் போட்டுவிடுவார். கடன் குறைந்ததால் வாங்க வந்தவர் விலகினார். அன்று இரவு அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், "எனக்காகத்தானே இவ்வளவும், நான் பாட்டுக்கு இப்படியே இருந்துக்கறேன்டீ" என்று ஆரம்பித்துவிடுவார். கடைசியில் 2024 ஆகஸ்டில் 59 லட்சத்துக்குக் கிரயம் முடிந்தது. 48க்கு வாங்கி 59க்கு விற்றால் பதினொரு லட்சம் லாபம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: வருமான வரித்துறையின் பணவீக்கக் குறியீட்டெண் 2014-15க்கு 240, 2024-25க்கு 363. அந்தக் கணக்கின்படி நான் போட்ட 48 லட்சம் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளவே 72 லட்சத்து 60 ஆயிரமாக ஆகியிருக்க வேண்டும்.

வீடு விற்கும்வரை அதைக் காலியாக வைத்திருந்ததும் ஒரு செலவு. குடியிருப்பவர் இருந்தால் பார்க்க வருபவர்களுக்குத் தடையாக இருக்கும் என்று எல்லாத் தரகர்களும் சொன்னார்கள். மாதம் 18 ஆயிரம் வரக்கூடிய வாடகையை அதற்காக விட்டோம். விற்பனை நான்கு மாதங்களில் முடியும் இடத்துக்கு அந்த அறிவுரை பொருந்தும். இரண்டு படுக்கையறை வீடுகள் குவிந்திருக்கும் இடத்தில் பொருந்தாது. அங்கே வாங்க வருபவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு விடுவதற்காகவே வாங்குபவர்கள். குடியிருப்பவரோடு சேர்த்தே வாங்கிக்கொள்ள அவர்கள் தயங்குவதில்லை.

நங்கநல்லூர் இதற்கு நேர் எதிர். அங்கே வளாகங்கள் இல்லை, மனைகள்தாம். பெரும்பாலும் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. பழைய விதிகளின்படி தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, ஒன்றரையாக இருந்தபோது ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டியவர்கள் அதை நான்கு அல்லது ஐந்து சிறிய வீடுகளாகப் பிரித்தார்கள். ஒன்று அல்லது இரண்டு படுக்கையறைகளுக்கு மேல் அதில் இடமில்லை. 2019இல் வந்த கட்டட விதிகள் குறியீட்டை இரண்டாக உயர்த்தின. அதே மனையில் இப்போது 4,800 சதுர அடி. தலா 1,200 சதுர அடியில் மூன்று படுக்கையறை கொண்ட நான்கு வீடுகள் கட்டலாம். ஆகவே அங்கே மூன்று படுக்கையறை வீடு வேண்டுமென்றால், யாரோ ஒருவருடைய பழைய வீடு இடிக்கப்பட்டுப் புதிதாக எழ வேண்டும். அப்படி எழும் கட்டடங்களிலும் நான்கு வீடுகளும் விற்பனைக்கு வருவதில்லை. மனை உரிமையாளரும் கட்டுநரும் பங்கு போட்டுக்கொள்வதே வழக்கம். உரிமையாளர் தன் பங்காக இரண்டு வீடுகளை எடுத்து ஒன்றில் தான் இருப்பார், மற்றொன்றை மகனுக்கு அல்லது மகளுக்கு வைத்திருப்பார். மீதமுள்ள இரண்டும் அஸ்திவாரம் போடும்போதே, பெரும்பாலும் அதே தெருக்காரர்களுக்கு, பேசி முடிந்துவிடும். மூன்று அறை வீட்டில் குடியேறியவர்கள் அங்கிருந்து நகர்வதும் இல்லை; எதற்காக நகர வேண்டும்? அம்மாவும் நானும் தெருத்தெருவாக நடந்தபோது, இடிக்கப்படும் வீடுகளை விசாரித்ததில் கிடைத்த தகவல்கள் இணையத்தில் கிடைத்ததைவிட மிக அதிகம். இத்தகைய பகுதியில் தேடுபவர்கள் விளம்பரங்களை நம்பியிருக்காமல் கோயில் வாசல், இஸ்திரிக்காரர், கட்டட மேஸ்திரி ஆகியோரிடம் சொல்லிவைப்பதே பலன் தரும்.

எனக்குக் கிடைத்த விலைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். இந்த அனுபவம் முழுவதிலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். எங்கள் படூர் வளாகத்தில் என் வீடு 59 லட்சம். அங்கேயே 1,400 சதுர அடி கொண்ட மூன்று படுக்கையறை வீடு 74 லட்சத்துக்குக் கைமாறியது. கூடுதலான 350 சதுர அடிக்கு, அதாவது மூன்றாவது அறைக்கும் அதை ஒட்டிய குளியலறைக்கும், 15 லட்சம். சதுர அடி ஏறத்தாழ 4,300 ரூபாய். என் வீட்டின் சராசரி விலையான 5,600ஐ விடக் குறைவு. நங்கநல்லூரில் 900 சதுர அடி இரண்டு படுக்கையறை வீடு 78 லட்சம். 1,250 சதுர அடி மூன்று படுக்கையறை வீடு ஒரு கோடியே 15 லட்சம். அதே 350 சதுர அடிக்கு 37 லட்சம். சதுர அடி பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. அந்தச் சிறிய வீட்டின் சராசரியோ 8,700ஐக்கூடத் தொடவில்லை. நங்கநல்லூர் விலை அதிகமான இடம் என்பது மட்டும் இதற்குக் காரணமானால் எல்லா அறைகளும் ஒரே விகிதத்தில் ஏறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஓர் ஊரின் சராசரி சதுர அடி விலையைச் சொல்பவர்களை நான் இப்போது பொருட்படுத்துவதில்லை. நமக்குத் தேவையான அளவு வீட்டுக்கும், அதற்கு ஓர் அறை குறைந்த வீட்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டைக் கூடுதல் பரப்பால் வகுத்துப் பார்த்தால், எந்த அளவு வீடு அங்கே பஞ்சம், எது தேங்கிக் கிடக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரியும்.

பஞ்சம் இருக்கும் இடத்தில் போலிகளும் முளைக்கின்றன. "இரண்டரை படுக்கையறை" என்றார்கள். போய்ப் பார்த்தால் அந்த அரை என்பது ஜன்னலோரம் ஒரு மேசை போட்டால் கதவு திறக்காத ஓர் இடம். பால்கனியை மூடி அறையாக்கிய வீடு ஒன்றை மூன்று படுக்கையறை விலைக்கே சொன்னார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வசிக்கும் அறை ஒன்று 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் இருந்தால் மற்றொன்று 7.5 சதுர மீட்டர், ஏறத்தாழ 80 சதுர அடி, வரை குறையலாம். அளவு நாடாவோடு போனால் தரகர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அதைவிட முக்கியமானது, அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த அறைக்கு என்ன பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பது. அங்கே பொருள் வைக்கும் அறை என்றோ பூஜை அறை என்றோ இருந்தால், வங்கி மதிப்பீட்டாளரும் அதை அப்படித்தான் பார்ப்பார். விலையை நாம் படுக்கையறைக்குக் கொடுத்திருப்போம். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் இருந்தாலே ஓர் அறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்தத் தாராளக் கணக்கின்படியே 2011இல் நாட்டின் குடும்பங்களில் 37 சதவீதத்துக்கு ஓர் அறைதான் இருந்தது. மூன்றாவது அறைக்காக நான் பட்ட பாட்டை எழுதும்போது இதையும் மறக்க முடியவில்லை.

எங்களுக்குக் கிடைத்த வீடு, பிள்ளைகளோடு அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒருவருடையது. இத்தகைய பகுதிகளில் மூன்று படுக்கையறை வீடு சந்தைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான் என்பதால் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் ஒரு சதவீத வரியைப் பிடித்தம் செய்து கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் அந்த ஒரு சதவீத விதி பொருந்தாது. பிடித்தம் பன்மடங்கு அதிகம், பிடிக்காவிட்டால் பொறுப்பு நம்முடையது. நான் வாங்கியபோது அதற்காக டான் (TAN) எண்ணும், அதாவது வரி பிடித்தம் செய்பவருக்கான கணக்கு எண்ணும், பெற வேண்டியிருந்தது. விற்பவர் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடமிருந்து வாங்கிவரும்வரை கிரயம் தள்ளிப்போனது. ஒப்பந்தத்தில் கால அவகாசத்தை இதற்கேற்ப எழுதிக்கொள்வது நல்லது.

பணத்தில் இறுக்கம் வந்தது ஓர் எல்லைக்கோட்டினால். ரிசர்வ் வங்கி விதிப்படி, 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தருவார்கள். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்தக் கணக்கில் சேராது. ஒரு கோடியே 15 லட்சத்துக்கு என் கையிலிருந்து 28 லட்சத்து 75 ஆயிரம். முத்திரைத்தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு என ஒன்பது சதவீதத்துக்கு 10 லட்சத்து 35 ஆயிரம். மொத்தம் 39 லட்சத்துக்குச் சற்று மேல். 59 லட்சத்தில் பழைய கடன் பாக்கி 21 லட்சத்தையும் தரகையும் கழித்தால் மிஞ்சியது 37 லட்சத்துச் சொச்சம். நான் கேட்ட 68 லட்சமே கிடைத்திருந்தால் எல்லாம் போக ஏழு லட்சம் கையில் நின்றிருக்கும். வளையல்களும் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியும் நகைக் கடனுக்குப் போயின. ஓர் அறை கூடும்போது விலை மட்டுமல்ல, நாம் போட வேண்டிய சொந்தப் பணத்தின் விகிதமும் கூடுகிறது என்பதை வீடு பார்க்கத் தொடங்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிரயப் பத்திரத்தைப் படிக்கும்போது நான் கடைசியாகப் பார்த்தது பிரிபடாத நிலப்பங்கை, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் நம் வீட்டுக்கு உரிய பங்கை. படூரில் எனக்கு இருந்தது 420 சதுர அடி, இங்கே 610. தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022, நடைமுறைக்கு வந்திருப்பது 2024 மார்ச் முதல். அதன்படி பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். எங்கள் கட்டடத்தில் நான்கே வீடுகள், நான்கும் மூன்று படுக்கையறை, நிலப்பங்கும் ஏறத்தாழ சமம்; என்றைக்காவது அந்தப் பேச்சு வந்தால் மூன்று பேர் உட்கார்ந்து முடித்துவிடலாம். அடுத்த தெருவில் ஒரே கட்டடத்தில் இரண்டும் மூன்றுமாகப் படுக்கையறைகள் கலந்த ஒன்றில், யாருக்கு எத்தனை சதுர அடி திரும்பக் கிடைக்கும் என்பதில் பேச்சு இன்னும் முடியவில்லை. கலவையான கட்டடத்தில் வாங்குபவர்கள், அறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் நிலப்பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு வீட்டின் பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.